அதிகம் பேசப்படாத தமிழ் நூல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி: நாவல், வாழ்க்கை வரலாறு, கலை நூல்களுக்கான முழுமையான வழிகாட்டி

'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நாவல்கள்' என்ற பட்டியலை எங்கே எடுத்தாலும் அதில் எழுபது எண்பது பெயர்கள் மாறுவதே இல்லை. ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொன்று தயாராகிறது. பட்டியலில் இல்லாத நூல் மோசமான நூல் என்று பொருளல்ல. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்து நெடுங்காலம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. இன்று அதை விட்டுவிட்டுத் தமிழ் நாவலைப் பற்றிப் பேச முடியாது. இடைப்பட்ட காலத்தில் நாவலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நாலு வாசகர்கள் அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார்கள், அவ்வளவுதான்.

காணாமல் போனதாகச் சொல்லப்படும் நூல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நூலக அலமாரியில் இருக்கின்றன. பெயர் வேறு எழுத்தில் பதிவாகியிருக்கும், ஆண்டு தப்பாக இருக்கும், அல்லது நாம் எதிர்பார்க்காத பிரிவில் வைத்திருப்பார்கள். அந்தத் தடத்தைப் பிடிப்பதுதான் வேலை.

முதல் படி: கையிலிருக்கும் நூலையே துருவுங்கள்

உங்களுக்குப் பிடித்த ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய பதிப்பாக இருக்கட்டும். கதையை விட்டுவிட்டு மற்ற பக்கங்களைப் பாருங்கள்.

முன்னுரையில் ஆசிரியர் யாருக்கு நன்றி சொல்கிறார், யாரோடு சண்டை போடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றியைவிடச் சண்டையில்தான் தகவல் அதிகம். எதிர்த்து எழுதத் தகுந்த நூல் என்று அந்தக் காலத்தில் எது கருதப்பட்டது என்பது அதில் தெரியும். பதிப்பு விவரப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டு, அச்சகம், இதற்கு முன் எந்த இதழில் தொடராக வந்தது என்பவை இருக்கும். பின்னட்டையிலும் கடைசி இரண்டு மூன்று பக்கங்களிலும் 'எங்கள் பிற வெளியீடுகள்' என்று ஒரு விளம்பரம் இருக்கும். அதை முழுதாக எழுதி வையுங்கள். அதில் பத்துக்கு ஐந்து பெயர் நீங்கள் கேள்விப்படாததாக இருந்தால் நல்ல சுரங்கத்தில் கால் வைத்திருக்கிறீர்கள்.

மறுபதிப்புகளில் இவை அனைத்தையும் வெட்டிவிடுவார்கள். புதுப் பதிப்பை வாசிக்க வாங்குங்கள். தடம் பிடிக்கப் பழைய பதிப்பைப் பாருங்கள்.

இரண்டாம் படி: பெயரை எல்லா வடிவத்திலும் எழுதிப் பாருங்கள்

தேடல் தோற்பதற்கு முதல் காரணம் எழுத்து. ராஜமய்யர், ராஜமையர், இராஜமையர் ஆகிய மூன்றும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆட்கள். ஒவ்வொரு பெயருக்கும் இந்த மாற்றங்களைச் செய்து தேடுங்கள்: ரகர, லகரத்துக்கு முன் இகரம் சேர்த்தும் நீக்கியும்; ஜகரத்துக்குச் சகரம்; ஸகரத்துக்குச் சகரம்; ஷகரத்துக்கு டகரம்; முன்னெழுத்து பெயருக்கு முன்னாலும் பின்னாலும்; சாதிப் பின்னொட்டு இருந்தும் இல்லாமலும்.

புனைபெயர் அடுத்த தொல்லை. சில அட்டவணைகள் புனைபெயரில் பதிவு செய்யும், சில இயற்பெயரில். கரிச்சான் குஞ்சு என்று தேடிக் கிடைக்காவிட்டால் ஆர். நாராயணசாமி என்று தேட வேண்டும். சிட்டி என்றால் பெ. கோ. சுந்தரராஜன். மௌனி என்றால் எஸ். மணி.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களும் வேர்ல்ட்கேட் போன்ற கூட்டு அட்டவணைகளும் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிந்திருக்கும். நாம் பேசுகிற ஒலிப்படி அல்ல, எழுத்துக்கு எழுத்து. 'சரித்திரம்' என்பது 'எஸ்'ஸில் தொடங்காது, 'சி'யில் தொடங்கும். கூடவே 'எச்'சும் வராது. பகரம் எந்த இடத்தில் வந்தாலும் 'பி' (P) என்ற வல்லெழுத்துதான், 'பாரதி' உட்பட. ககரம் எப்போதும் 'கே', 'ஜி' கிடையாது. மேற்கோடு, கீழ்ப்புள்ளிகளை விட்டுவிட்டே தட்டலாம், பெரும்பாலான தேடுபொறிகள் பொறுத்துக்கொள்ளும். இந்த ஒரு விதி தெரியாததால் 'எங்கும் இல்லை' என்று கைவிடப்படும் நூல்கள் ஏராளம்.

ஸ்கேன் செய்த நூல்களுக்குள் சொல் தேடுவதை நம்ப வேண்டாம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை எழுத்துகள் தும்பிக்கைக் கொம்போடு இருக்கும். றா, ணா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம். எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுமாறிவிடும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் இவற்றை வைத்தே தேடுங்கள்.

மூன்றாம் படி: ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். முகப்புப் பக்கத்தில் 'துன்முகி ௵ ஆவணி ௴' என்று மட்டும் இருக்கிறது. ௵ ஆண்டுக்குறி, ௴ மாதக்குறி. அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ முதலாவது, துன்முகி முப்பதாவது. சுழற்சிகள் தொடங்குவது 1867, 1927, 1987 ஆண்டுகளில். ஆகவே வரிசை எண்ணோடு 1866, 1926, 1986 ஆகியவற்றைக் கூட்டினால் போதும்: 1896, 1956, 2016. ஆவணி என்பதால் ஆகஸ்ட்–செப்டம்பர். மாதம் தை, மாசி, பங்குனி என்றிருந்தால் ஓர் ஆண்டு கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழாண்டு சித்திரையில் தொடங்குகிறது. அந்த மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழுந்துவிடும்.

2016ஐத் தாளைப் பார்த்தே தள்ளிவிடலாம். 1896ஆ 1956ஆ? விலை அணாவில் இருக்கிறது என்பதை வைத்து 1896 என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1. 1956 ஆவணியிலும் அணாதான். இங்கே உதவுவது வேறு அடையாளங்கள். சொற்கள் புணர்ச்சியோடு நீளமாக ஒட்டி ஓடினால் பழையது. பிரித்துப் பிரித்து, மேற்கோள்குறி, கேள்விக்குறியோடு அச்சாகியிருந்தால் புதியது. முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண் ஆறு இலக்கத்தில் இருந்தால் 1972க்குப் பிந்தையது. 'நயா பைசா' என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில்.

சில நூல்களில் வேறு ஆண்டுமுறைகளும் இருக்கும். சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். நாஞ்சில் நாட்டு நூல்களில் வரும் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825. திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31 கழியுங்கள். கலியாண்டிலிருந்து 3101 கழித்தால் ஓராண்டு முன்பின்னாகக் கிடைக்கும்.

ஆண்டு தெரிந்தால் என்ன பயன்? 1867ஆம் ஆண்டு அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டத்தின்படி அச்சான நூல்கள் அரசிடம் பதிவாயின. சென்னை மாகாணத்துக்கான காலாண்டுப் பட்டியல்களில் தலைப்பு, அச்சகம், பக்கம், பிரதிகளின் எண்ணிக்கை, விலைவரை இருக்கும். அவற்றை அடிப்படையாகக் கொண்ட 'தமிழ்நூல் விவர அட்டவணை' தொகுதிகள் பெரிய நூலகங்களில் உண்டு. ஆண்டு இல்லாமல் அந்தக் காட்டுக்குள் நுழைந்தால் வெளியே வர முடியாது.

நான்காம் படி: எந்த நூலுக்கு எந்த வாசல்

1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாரா ஒன்று. பதிப்பாளர்கள் அனைவரும் அனுப்பிவிடுவதில்லை. இருந்தாலும் 1950களுக்குப் பிந்தைய நூலுக்கு முதலில் போக வேண்டிய இடம் இதுதான். அதற்கு முந்தைய நாவல், நாடகம், குஜிலிப் பாட்டு (தெருவில் மலிவாக விற்ற பாட்டுப் புத்தகம்), இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரம் அதன் அடித்தளம். 1994இலிருந்து சென்னையில் இயங்குகிறது. உயர்ந்தவை, தாழ்ந்தவை என்று பார்க்காமல் சேர்த்த சேகரம் என்பதுதான் அதன் பெருமை. பழந்தமிழ்ப் பதிப்புகளுக்கும் சுவடிகளுக்கும் உ. வே. சா. நூலகம்.

இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஸ்கேன் செய்த பழைய நூல்களுக்கு நல்லது. மதுரைத் திட்டம் 1998 முதல் நூல்களைத் தட்டச்சு செய்த வடிவில் தருகிறது; அதற்குள் சொல் தேட முடியும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' தளத்துக்கு ஈடு கிடையாது. தமிழகத்தில் ஒரு பிரதிகூடப் பார்க்க முடியாத சிறுகதைத் தொகுப்புகள் அங்கே இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில் குவியலாகக் கிடைக்கும், ஆனால் ஏற்றியவர் கோப்புக்கு என்ன பெயர் வைத்தாரோ அதுதான் பெயர். மேலே சொன்ன எழுத்து மாற்றங்கள் எல்லாம் இங்கேதான் கைகொடுக்கும்.

கடைகளுக்கு வராத இன்னொரு வகை உண்டு: தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், சரசுவதி மகால் நூலகம், தொல்லியல் துறை ஆகியவற்றின் வெளியீடுகள். இவற்றின் விற்பனைப் பிரிவில் நேரடியாகக் கேட்க வேண்டும். விலைப்பட்டியலை வாங்கி, அதில் 'இருப்பு இல்லை' என்றிருந்தாலும் ஒரு முறை கேளுங்கள். கிடங்கில் எண்ணாமல் கிடக்கும் கட்டுகள் உண்டு.

நாவல்: இதழ், பதிப்பகம், மொழிபெயர்ப்பாளர்

புனைகதைக்கு மூன்று தடங்கள் உண்டு. முதலாவது சிறுபத்திரிகை. 'மணிக்கொடி', 'கலாமோகினி', 'சரஸ்வதி', 'எழுத்து', 'கசடதபற' இவற்றின் பழைய இதழ்களை எடுத்துக் கதையைப் படிக்கும் முன் மதிப்புரைப் பக்கத்தையும் 'வரப்பெற்றோம்' பட்டியலையும் படியுங்கள். இரண்டு வரி மதிப்புரையில் ஒரு நாவல் செத்துப்போயிருக்கும். அதைத் தோண்டி எடுக்க வேண்டியது நீங்கள்தான். க. நா. சுப்ரமண்யத்தின் 'படித்திருக்கிறீர்களா?' இந்த வேலையை அந்தக் காலத்திலேயே செய்த நூல். அவர் ரசனையோடு ஒத்துப்போகாதவர்களுக்கும் அது பயன்படும்.

இரண்டாவது, பதிப்பகத்தைத் தொடர்வது. நல்ல பதிப்பாசிரியருக்கு ஒரு மூக்கு உண்டு. சா. கந்தசாமியின் 'சாயாவனம்', சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' இரண்டையும் வெளியிட்டது வாசகர் வட்டம். ஒரு நாவலும் ஒரு பயண நூலும். இரண்டுமே இன்றைக்கும் நிற்கின்றன. அந்த வட்டத்தின் மொத்த வெளியீட்டுப் பட்டியலையும் வரிசையாகப் படிக்கலாம். பெரிதாக ஏமாற மாட்டீர்கள்.

மூன்றாவது தடத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை: மொழிபெயர்ப்பாளர். பிடித்த மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தால் மூல ஆசிரியரை விட்டுவிட்டு மொழிபெயர்த்தவர் பெயரில் தேடுங்கள். வங்கத்துக்கு த. நா. குமாரஸ்வாமி, சு. கிருஷ்ணமூர்த்தி; மராத்திக்கு கா. ஸ்ரீ. ஸ்ரீ.; இந்திக்கு சரஸ்வதி ராம்நாத்; ருஷ்யத்துக்கு ரா. கிருஷ்ணையா. நேஷனல் புக் டிரஸ்ட்டின் இந்திய மொழி நாவல் வரிசையில் வந்த 'நீலகண்டப் பறவையைத் தேடி', 'அக்னி நதி' போன்றவை ஒருகாலத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, பிறகு எழுத்தாளர்களே தேடி அலைந்த நூல்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. கட்டு உறுதி, தாள் பழுப்பேறாதது.

தொடராக வந்த நாவலில் ஒரு சிக்கல்: நூலாகும்போது அத்தியாயங்கள் குறையும், முடிவுகூட மாறும். இதழிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு கிடைத்தால் ஓவியங்களோடு சேர்த்து அதுவே தனிப் பதிப்பு என்று கருதுங்கள். வாங்கும்போது வாரங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று அத்தியாய எண்ணைப் பாருங்கள்.

நாவலில் எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பவர்கள் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', கிருத்திகாவின் 'வாசவேச்வரம்', சம்பத்தின் 'இடைவெளி' இந்த நான்கில் ஒன்றை எடுக்கலாம். நான்குமே சிறியவை. நான்கும் நான்கு திசைக்குப் போகும்.

வாழ்க்கை வரலாறு: ஒன்றைத் தனியாகப் படிக்காதீர்கள்

தன்வரலாற்றில் எழுதியவர் சொல்வதற்கு எதிர்த்தரப்பு கிடையாது. அதனால் ஒரே களத்தைச் சேர்ந்த இரண்டு நூல்களைச் சேர்த்துப் படிப்பது நல்லது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' படித்தவர்கள் மாலையில் கூடி நடத்திய சுகுண விலாச சபையின் உலகம். தி. க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனி என்னும் சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்து மேடையையே பிழைப்பாகக் கொண்டவரின் உலகம். இரண்டையும் படித்த பிறகுதான் தமிழ் மேடை முழுதாகத் தெரியும். அதேபோல 'என் சரித்திரம்' படிப்பவர்கள் உ. வே. சா. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதிய இரு பாகச் சரித்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'என் சரித்திரம்' தொடராக வந்துகொண்டிருந்தபோது 1942இல் அவர் காலமானதால் அது பாதியில் நிற்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள கி. வா. ஜகந்நாதனின் 'என் ஆசிரியப்பிரான்' இருக்கிறது.

அகலம் வேண்டுமென்றால் சாகித்திய அகாதெமியின் 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' வரிசை. சிறிய நூல்கள், தரம் ஏறி இறங்கும். ஆனால் கடைசிப் பக்கத்து நூற்பட்டியல் எப்போதும் உதவும், அதற்காகவே எடுக்கலாம்.

அட்டவணையில் ஒருவர் பெயரில் எதுவும் கிடைக்காவிட்டால் மலர்களைத் தேடுங்கள்: மணிவிழா மலர், நினைவு மலர், பள்ளி நூற்றாண்டு மலர். இவை நபரின் பெயரில் பதிவாவதில்லை. வெளியிட்ட குழு அல்லது நிறுவனத்தின் பெயரில் பதிவாகும். கூட இருந்தவர்கள் எழுதிய நேரடிக் குறிப்புகள் இவற்றில்தான் உண்டு. புகழ்ச்சியை வடிகட்டிவிட்டு ஆண்டு, ஊர், சம்பளம், கடிதம் போன்ற கெட்டியான செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கலை: அலமாரி மாறும், படம் காணாமல் போகும்

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையைப் பின்பற்றும் நூலகத்தில் கலை நூல்கள் 700 வரிசையில் இருக்க வேண்டும்: சிற்பம் 730, ஓவியம் 750, இசை 780. நடைமுறையில் கோயிற்கலை நூல் 726இல் இருக்கும், 294.5இல் சமயத்தோடு இருக்கும், 954.82இல் தமிழக வரலாற்றோடும் இருக்கும். ஓவியரின் வாழ்க்கை வரலாறு 920இல் இல்லாவிட்டால் 759இல் பாருங்கள். இந்த ஐந்தாறு அலமாரிகளையும் ஒரு நடை நடந்து பார்ப்பது கணினியில் தேடுவதைவிடப் பலன் தரும்.

தொடக்கத்துக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்'. நாட்டுடைமையானதால் எளிதில் கிடைக்கும். இசையில் ஆழம் வேண்டுபவர்களுக்கு ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917), விபுலாநந்தரின் 'யாழ் நூல்' (1947). இரண்டுமே கணக்கும் சுருதி ஆராய்ச்சியும் நிறைந்தவை. ஒரே மூச்சில் படிக்க முயன்றால் பாதியில் நின்றுவிடும். பொருளடக்கத்தைப் பார்த்து வேண்டிய இயலை மட்டும் படிப்பதில் தவறில்லை. சிற்பத்தின் தொழில்முறை அளவுகளுக்கு வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்'.

வாங்கும் முன் படங்களின் பட்டியல் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு படமும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். வழவழப்பான தாளில் தனியே அச்சடித்து ஒட்டிய படங்களுக்குப் பக்க எண் இருக்காது. கிழித்து எடுத்தாலும் வெளியே தெரியாது. மடிப்பு வரைபடங்கள் பெரும்பாலும் போயிருக்கும். பக்கங்கள் விட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் கணக்காக 16 அல்லது 8 பக்கம் காணாமல் போயிருக்கும்: அதாவது தைக்கும்போது ஒரு பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டு) தவறிவிட்டது. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் ஒரு சிற்றெண் இருக்கும், அது வரிசையாக வருகிறதா என்று புரட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஸ்கேனில் வேறு பிரச்சினை. எழுத்துக்காகக் கறுப்பு வெள்ளை என இரண்டே நிறத்தில் எடுத்த கோப்பில் புகைப்படம் கறுப்புத் திட்டாகிவிடும். எத்தனை பெரிதாக்கினாலும் திரும்பி வராது. அதே நூலின் சாம்பல் நிற அல்லது வண்ண ஸ்கேன் வேறெங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்க்கைவில் பிடிஎஃப்பைவிட ஒற்றைப் பக்கப் படங்களின் தொகுப்பு தெளிவாக இருக்கும்; கோப்பு பல மடங்கு பெரிது, அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பதிப்பை வாங்குவது

தமிழக அரசு ஒருவரின் எழுத்தை நாட்டுடைமை ஆக்கினால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் நல்லதும் நடந்தது, அவசரப் பதிப்புகளும் பெருகின. கையில் எடுத்ததும் மூன்றைப் பாருங்கள்: எந்த மூலப் பதிப்பைப் பின்பற்றியது என்று சொல்லியிருக்கிறார்களா, ஆசிரியரின் முன்னுரை இருக்கிறதா, முதற்பதிப்பு ஆண்டு இருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி செய்ததுபோல, முதலில் வந்த இதழ், தேதி, பாடவேறுபாடு எல்லாம் தரும் செம்பதிப்பு இருந்தால் விலை கூடினாலும் அதுதான்.

நாட்டுடைமை ஆகாத நூலுக்கு இந்தியாவில் உரிமைக் காலம் ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு. மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி 1இலிருந்து எண்ண வேண்டும். 1965இல் மறைந்தவரின் நூல் 2026 தொடக்கத்தில் பொதுவுடைமைக்கு வரும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. மூல ஆசிரியர் மறைந்து நூறாண்டு ஆகியிருந்தாலும் அது முடியாமல் இருக்கலாம்.

தேடல் ஏடு

ஒரு நோட்டில் ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து செய்திகள்: தலைப்பும் அதன் எழுத்து வேறுபாடுகளும்; ஆசிரியர், புனைபெயர்; முதற்பதிப்பு, அச்சகம்; எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இந்தப் பெயரைப் பார்த்தீர்கள்; எங்கெங்கே தேடி எங்கே இல்லை. நான்காவதை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆறு மாதம் கழித்து நோட்டைத் திறந்தால் ஒரு தலைப்பு மட்டும் இருக்கும், யார் சொன்னது, ஏன் குறித்தோம் என்று தெரியாது. ஐந்தாவது, அதே அட்டவணையை மூன்றாம் முறை தேடுவதைத் தவிர்க்கும். நூலகத்துக்குப் போகும் முன் அழைப்பு எண்ணோடு (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்) பத்துப் பெயர் குறித்துச் செல்லுங்கள். எடுத்துத் தருபவர் நாலைத்தான் கண்டுபிடிப்பார். மீதி ஆறைப் பற்றிச் சண்டை போடாமல், அந்த எண்ணுக்கு இரு பக்கமும் என்னென்ன நூல் இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.